ஏழாம் பாதை என்று நம்பி இறங்கிய மூவர்: தானா ராத்தாவில் ஓர் இரவு

மலேசியாவின் கேமரன் மலையில் பாதை தவறிய மூன்று பேரைத் தேடிய ஓர் இரவின் பதிவு இது. நானும் அந்தத் தேடலில் இருந்தேன். அந்தக் குடும்பத்தைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்; பெயர் வேண்டாம், எந்த ஆண்டு என்பதும் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன். வருடக் கடைசி மழைக்காலம் என்பது மட்டும் போதும். மூவரும் உயிரோடு வந்துவிட்டார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது பதைபதைக்க வைப்பதற்காக எழுதும் கதை இல்லை. எந்த இடத்தில் எந்த முடிவு எடுக்கப்பட்டது, யாரிடம் அப்போது என்ன தகவல் இருந்தது, எதை நாங்கள் கவனிக்காமல் விட்டோம் என்பதுதான் எனக்கு முக்கியம்.

ஊரும் பாதைகளும்

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், காய்கறிப் பண்ணைகள், அதற்கு மேலே காடு. 1929இல் இங்கே பெரிய அளவில் தேயிலை போட ஆரம்பித்தபோது காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் நம் ஆட்கள் நிறைய. அவர்களுடைய பேரன் பேத்திகள்தான் இன்று ஊரில் கடை வைத்திருக்கிறார்கள், வேன் ஓட்டுகிறார்கள், விடுதி நடத்துகிறார்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்களுக்குக் காட்டுத் தடங்கள் பொழுதுபோக்கு இல்லை; விறகுக்குப் போகவும், ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் சொந்தம் பார்க்கப் போகவும், திருவிழாவுக்குப் பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்கு நடக்கவும் அவைதான் குறுக்கு வழி.

சுற்றுலாக்காரர்கள் நடக்கும் பாதைகளுக்கு எண்கள் உண்டு. இந்தச் சம்பவத்துக்குத் தேவையானவை மூன்று: 3, 7, 8. மூன்றும் ஊருக்குக் கிழக்கே இருக்கும் பெரெம்பான் மலை உச்சியில் சேர்கின்றன. உச்சி 1,800 மீட்டருக்கு மேல். 8ஆம் பாதை ராபின்சன் நீர்வீழ்ச்சிப் பக்கமிருந்து ஏறுகிறது, செங்குத்து, வேர்களைப் பிடித்து ஏற வேண்டும். 7ஆம் பாதை மார்டி வேளாண் நிலையத்துக்குப் பின்னாலிருந்து கிளம்புகிறது. 3ஆம் பாதை வடக்கே கோல்ஃப் மைதானத்துப் பக்கம் போகிறது. 8இல் ஏறி 7இல் இறங்கினால் ஏறக்குறைய கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம் என்பதால் வெளியூர்க்காரர்கள் விரும்பித் தேர்ந்தெடுக்கும் சுற்று அது. வரைபடத்தில் பார்த்தால் விரல் நீளம்கூட இல்லை. பழகிய கால்களுக்கே ஏற்றம் மட்டும் இரண்டரை, மூன்று மணி நேரம் பிடிக்கும்.

உச்சியில் பெரிய காட்சி எதுவும் கிடையாது. ஒரு சின்ன வெட்டவெளி, ஒரு பலகை, சுற்றிலும் பாசி பிடித்த குட்டை மரங்கள். அந்த வெட்டவெளியிலிருந்து வெளியே போகும் இடைவெளிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஏறும்போது யாரும் வழி தவறுவதில்லை, எல்லாத் தடமும் மேலே வந்து ஒன்றாகத்தானே சேர்கிறது. இறங்கும்போதுதான் அவை பிரிகின்றன. இந்த ஒரு விஷயத்தை ஏறுவதற்கு முன்னால் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாராங் கத்தி எடுத்துக்கொண்டு போய்ப் பாதைகளைச் சுத்தம் செய்கிறோம். சங்கம் எல்லாம் இல்லை. கோயில் இளைஞர்கள், ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்கள் சிலர், நான். எங்களில் மூத்தவரை எல்லாரும் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். எழுபது தாண்டியவர், தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலையில் இருந்தவர்.

காட்டுக்குள் நடந்தது

இந்தப் பகுதியைப் பிறகு, மூவரில் ஒருத்தியான பெண் பிள்ளை சொல்லக் கேட்டு எழுதுகிறேன்.

குடும்பம் கிள்ளான் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா, அம்மா, 17 வயது மகள், 12 வயது மகன், அம்மாவின் தம்பி. அம்மாவுக்கு முழங்கால் வலி, அவரும் கணவரும் அபார்ட்மெண்டில் தங்கிவிட்டார்கள். மாமாவும் பிள்ளைகள் இருவரும் காலை 10:40க்கு மார்டி சாலைப் பக்கமுள்ள தேநீர்க் கடையில் ஆறு வடையும் இரண்டு போத்தல் தண்ணீரும் வாங்கினார்கள். கடைக்கார அக்கா எந்தப் பாதை என்று கேட்க, "எட்டுல ஏறி ஏழுல இறங்குறோம்கா, ரெண்டு ரெண்டரைக்கெல்லாம் வந்து சாப்பிடுறோம்" என்று மாமா சொல்லியிருக்கிறார். கேட்டது வெறும் விசாரிப்புத்தான், ஆனால் அன்றைக்கு எங்களுக்கு உதவிய முதல் தகவல் அந்தப் பதில்.

உச்சியை அடைந்தபோது 2:30. கிளம்பியதே தாமதம். டிசம்பரில் இங்கே மதியத்துக்கு மேல் மழை வராத நாள் குறைவு, அதனால் 8ஆம் பாதை ஏறுகிறவர்கள் காலை 8 மணிக்கே கிளம்பிவிட வேண்டும். மகள் ஒரு படம் எடுத்து அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். அப்போது அலைவரிசை இல்லை. சிறிது நேரம் கழித்து எங்கேயோ ஒரு கோடு கிடைத்து அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குள் மேகம் இறங்கி மழை பிடித்துக்கொண்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அவள் தம்பி, அந்த 12 வயதுப் பையன், முன்னால் நடந்தான், மற்ற இருவரும் அவன் பின்னால் போனார்கள்.

அவர்கள் இறங்கியது 7ஆம் பாதை இல்லை. முதல் முக்கால் மணி நேரம் தடம் நன்றாகவே இருந்தது என்கிறாள். அப்புறம் மெலிந்தது, பெர்தாம் பனை மட்டைகளும் பிரம்பு முள்ளும் குறுக்கே வர ஆரம்பித்தன. அங்கேயே திரும்பியிருந்தால் ஒரு மணி நேர ஏற்றத்தோடு முடிந்திருக்கும். அவளுக்குத் திரும்ப வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, ஆனால் மழையில் அவ்வளவு தூரம் மறுபடி ஏறுவதா என்று மாமா தயங்கினார். 4:30 வாக்கில் தடமே காணாமல் போய் ஓடைச் சத்தம் கேட்டது. "தண்ணி எப்படியும் ஊருக்குத்தான் போகும், அதப் பிடிச்சே இறங்கிடலாம்" என்று அவர் முடிவு செய்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. சமவெளியில் வளர்ந்த யாருக்கும் அதுதான் தோன்றும். ஆனால் இந்த மலையில் ஓடை என்றால் அது படி படியாக விழும் தண்ணீர். ஒவ்வொரு படியும் இறங்கச் சுலபம், ஏறக் கஷ்டம், கடைசியில் இறங்கவும் முடியாத ஒன்றின் தலையில் போய் நிற்போம்.

5:15க்கு அப்படி ஓர் இடத்தில்தான் தம்பியின் கால் பாறையில் வழுக்கிக் கணுக்கால் திரும்பியது. கீழே ஏழெட்டு மீட்டர் அருவி. இனி ஓர் அடிகூட இறங்கக் கூடாது என்று அவள் சொன்னாள், இந்த முறை மாமாவும் கேட்டார். மழையில் தண்ணீர் ஏறும் என்று பயந்து, தம்பியை இருவருமாகத் தூக்கி ஓடையிலிருந்து இருபது மீட்டர் தள்ளி மேட்டில் ஒரு பெரிய மரத்தின் வேர்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். இந்த முடிவு இரண்டு விதத்தில் அவர்களைக் காப்பாற்றியது. தண்ணீர் உண்மையாகவே ஏறியது, அது ஒன்று. இன்னொன்று அவளுக்கு அப்போது தெரியாதது: ஓடைக்குப் பக்கத்தில் இருந்திருந்தால் தண்ணீர் இரைச்சலில் அவர்கள் எழுப்பிய எந்தச் சத்தமும் எங்கள் காதுக்கு வந்திருக்காது.

கீழே நாங்கள் இழந்த நேரம்

4 மணிக்கு வந்துவிடுவார்கள் என்று அப்பா நினைத்தார். 5 மணிக்கு 7ஆம் பாதை முடியும் இடத்துக்கு நடந்து போய்ப் பார்த்தார். 6:10க்குத் தேநீர்க் கடைக்கு வந்து, என் பிள்ளைகளைப் பார்த்தீர்களா என்று கேட்டார். அக்கா 6:20க்கு எனக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர ஐந்து நிமிடம்.

என்ன எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். 999. அதைக் கூப்பிட 6:50 ஆகிவிட்டது. இந்த இருபத்தைந்து நிமிடத்தைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அப்பா வேண்டாம் என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம் தம்பி, வந்துடுவாங்க. போலீஸ் போம்பான்னு போனா பேப்பர்ல வந்துடும், அபராதம் கேப்பாங்க, மச்சான் பேரு கெட்டுடும்" என்றார். (போம்பா என்பது இங்கே தீயணைப்பு மீட்புத் துறை.) ஒரு மனிதர் அப்படிக் கெஞ்சும்போது கையை உதறிவிட்டு எண்ணை அழுத்த எனக்கு மனம் வரவில்லை. ஒருவேளை இப்போது வந்துவிடுவார்களோ என்று நானும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் யாரோ பேச்சுவாக்கில் ஜிம் தாம்ஸன் பெயரை எடுத்துவிட்டார். பாங்காக்கில் பட்டு வியாபாரம் செய்த அந்த அமெரிக்கர் 1967 மார்ச் 26ஆம் தேதி இங்கே ஒரு பங்களாவிலிருந்து நடக்கப் போனவர், போலீசாரும் ராணுவத்தினரும் பூர்வக்குடி மக்களும் நாள்கணக்கில் தேடியும் ஒரு துரும்புகூடக் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் யார் காணாமல் போனாலும் அந்தப் பெயர் வந்துவிடும். அதைக் கேட்டு அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அந்த அழுகைக்குப் பிறகுதான் நான் போன் செய்தேன்.

இருபத்தைந்து நிமிடம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், தீபகற்ப மலேசியாவில் 1982 ஜனவரி 1 முதல் கடிகாரம் அரை மணி முன்னால் தள்ளி வைக்கப்பட்டிருப்பதால் டிசம்பரில்கூடச் சூரியன் மறைய 7 மணி ஆகிறது, சாலையில் நிற்பவருக்கு இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். மரங்களுக்குக் கீழே, அதுவும் மழை மேகத்தோடு, 6 மணிக்கே கை தெரியாது. சாலையில் நின்று வானத்தைப் பார்த்து நாங்கள் அவகாசம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர்கள் ஏற்கெனவே இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொரு தவறும் அந்த நேரத்தில் நடந்தது. எங்கள் குழுவிலிருந்து இரண்டு இளைஞர்கள், நல்ல எண்ணத்தில்தான், ஒரே ஒரு டார்ச் லைட்டோடு 7ஆம் பாதையில் ஓடி ஏறிவிட்டார்கள். 6:30க்குப் போனவர்களை 8:15 வரை எங்களால் தொடர்பு கொள்ள முடியவில்லை. கவலைப்பட வேண்டியவர்கள் மூன்றிலிருந்து ஐந்து ஆனார்கள். உச்சிக்குப் போய் நாலாபக்கமும் ஓடி ஓடிக் கத்தியதில் ஈர மண்ணில் இருந்திருக்கக்கூடிய காலடித் தடங்களையும் அழித்துவிட்டார்கள். பிள்ளைகளைத் திட்ட முடியாது. போகாதே என்று சொல்ல வேண்டியவன் நான், அப்பாவோடு வாதாடிக்கொண்டிருந்தேன்.

ஒரு புகைப்படம்

7:30க்குள் தீயணைப்பு மீட்புத் துறையினரும் போலீசும் வந்துவிட்டார்கள். தேநீர்க் கடையே கட்டுப்பாட்டு இடம் ஆனது. அதிகாரி முதலில் கேட்டது மூன்றே கேள்வி: எங்கே ஏறினார்கள், எங்கே இறங்குவதாகச் சொன்னார்கள், கடைசியாக எப்போது தொடர்பு. முதல் இரண்டுக்கும் கடைக்கார அக்காவிடம் பதில் இருந்தது. மூன்றாவதற்கு அம்மாவின் போனில் இருந்த படம்.

அந்தப் படத்தை 6:30க்கே நான் பார்த்திருந்தேன். பார்த்தது நேரத்தை மட்டும். உச்சிக்குப் போய்விட்டார்கள், சரி என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். 7:40க்குத் தாத்தா வந்தார். போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை விரலால் பெரிதாக்கினார். முன்னால் மகளும் மாமாவும் சிரிக்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் பலகை, இன்னும் பின்னால் சிவப்பு மழைக்கோட்டோடு தம்பி முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் இடைவெளிக்குள் கால் வைக்கிறான். அவனுக்கு இடப்பக்கம் விழுந்து கிடக்கும் ஒரு மரம்.

"பையன் எங்க கால வைக்கிறான் பாருங்க தம்பி. அது ஏழு இல்ல. ஏழு மரத்துக்கு அந்தப் பக்கம். இது பெரம்பு வெட்டப் போற பழைய வழி. நாங்க போயிருக்கோம், பாதி தூரத்துல பள்ளம்தான்."

அந்த மரம் எங்களுக்குத் தெரிந்த மரம். இரண்டு வாரம் முன்பு காற்றில் விழுந்து 7ஆம் பாதையின் வாயை மறைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை போய் வெட்டலாம் என்று பேசினோம், மழை, அடுத்த ஞாயிறு என்று தள்ளினோம். மரத்தைச் சுற்றிப் போனால் பாதை இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர் கண்ணுக்கு மரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் இடைவெளிதான் பாதை. இதை அதிகாரியிடம் அப்போதே சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தலையை ஆட்டிவிட்டு வரைபடத்தில் தாத்தா காட்டிய பக்கம் ஒரு வட்டம் போட்டார்.

தேடலில் எடுத்த முடிவுகள்

அந்த வட்டம் இல்லாவிட்டால் மூன்று பாதைகளிலும் ஆள் ஏற்றியிருப்பார்கள். இருந்ததால், ஏறும் குழு ஒன்றே ஒன்று, 7ஆம் பாதை வழியாக உச்சிக்கு. 3க்கும் 8க்கும் அடிவாரத்தில் மட்டும் வெளிச்சத்தோடு ஆள் நிறுத்தினார்கள், அவர்களாக இறங்கி வந்தால் பார்க்க. தாத்தா தானும் ஏறுவதாகச் சொன்னார். அதிகாரி மரியாதையாக மறுத்து, வாக்கிடாக்கியைக் கையில் கொடுத்துக் கடையிலேயே உட்கார வைத்தார். அது நல்ல முடிவு. மேலே இருப்பவர்கள் சந்தேகம் வரும்போதெல்லாம் அவரைக் கேட்டார்கள், அவர் அந்தத் தடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தார்: ஒரு பெரிய பாறை வரும், இடக்கைப் பக்கம் விட்டுட்டுப் போங்க, அப்புறம் ரெட்டை மரம்.

தாத்தாவின் யோசனைப்படி, பள்ளத்துக்கு அப்பால் உள்ள பூர்வக்குடி கிராமத்துக்கும் ஆள் அனுப்பினார்கள். செமாய் மக்கள் பிரம்புக்கும் வேட்டைக்கும் இன்றும் அந்தப் பக்கம் நடமாடுகிறவர்கள். இரண்டு பேர் வர ஒப்புக்கொண்டார்கள்.

அதிகாரியின் இன்னொரு கட்டளைதான் எனக்குப் புதிது. கத்திக்கொண்டே போகக் கூடாது. விசில் ஊதிவிட்டு மூன்று நிமிடம் எல்லாரும் அசையாமல் நின்று கேட்க வேண்டும், மழைக்கோட்டின் சரசரப்புகூடக் கூடாது. நாம் தேடும்போது நம் சத்தத்தைத்தான் அதிகம் கேட்கிறோம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

இரவு 9:40

நான் ஏறும் குழுவில் வழிகாட்டப் போயிருந்தேன். எங்கள் இரண்டு இளைஞர்களை 8:15க்கு நடுவழியில் சந்தித்தோம்; தொண்டை கட்டி, நனைந்து, நடுங்கிக்கொண்டு இறங்கி வந்தார்கள். உச்சியை அடைந்து, விழுந்த மரத்துக்கு இந்தப் பக்கத்து இடைவெளியில் நுழைந்து ஐம்பது மீட்டர் போயிருப்போம். விசில் மூன்று முறை. அமைதி. இலையிலிருந்து சொட்டும் தண்ணீர், தவளை. இரண்டாம் முறை ஊதிவிட்டு நின்றபோது ரொம்பக் கீழேயிருந்து டிங் டிங் டிங் என்று ஏதோ. ஏதாவது பறவையா, காற்றில் ஆடும் மூங்கிலா என்று சந்தேகம். அதிகாரி இந்த முறை நான்கு முறை ஊதினார். நான்கு முறை திரும்பி வந்தது. இரண்டு ஊதினார். இரண்டு.

வடை வாங்கிப் போட்டுக்கொண்ட எவர்சில்வர் டப்பாவைக் கரண்டியால் தட்டியிருக்கிறாள். 7 மணியிலிருந்து இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாளாம். முதலில் மூவரும் மாறி மாறிக் கத்தினார்கள், தொண்டை போனதும் நின்றுவிட்டது. பாத்திரத்துக்குத் தொண்டை வலிக்காது. மனிதக் குரல் காட்டில் சீக்கிரம் கரைந்துவிடுகிறது, உலோகச் சத்தம் தனியாகத் தெரிகிறது, அந்தக் காட்டில் அது இயற்கையான சத்தம் இல்லை என்பதும் ஒரு காரணம்.

அடுத்த கேள்வி, இப்போதே இறங்குவதா. அதிகாரி மறுத்தார். கயிறு போதாது, வழுக்கல், ஓடை எங்கே என்று இருட்டில் தெரியாது. செமாய் ஆட்கள் வரும் வரை அங்கேயே நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விசில் மட்டும், நாங்கள் இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிய. அவர்கள் 11 மணிக்கு வந்தார்கள். ஒருவர் நடுவயது, ஒருவர் இளைஞர், ரப்பர் செருப்பும் பாராங்கும்தான். நான்கு பேர் கொண்ட குழு அவர்கள் பின்னால் இறங்கியது. ஓடையைத் தொடவே இல்லை, பக்கத்துத் தொடர்மேட்டில் சுற்றிக்கொண்டு போனார்கள். 1:20க்குப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

விடியும் வரை காத்திருந்தது

தம்பி நடுங்கிக்கொண்டிருந்தான். நடுங்குவது நல்ல அடையாளம் என்று மீட்புக் குழுவில் ஒருவர் பிறகு விளக்கினார். ஈரத்திலும் குளிரிலும் இருக்கும் ஒருவர் நடுங்குவதை நிறுத்திவிட்டு உளற ஆரம்பித்தால்தான் பெரிய ஆபத்து. இங்கே பனி பெய்யாதே, 15 டிகிரிக்கு யாருக்கு என்ன ஆகும் என்று நினைக்கக் கூடாது. நனைந்த பருத்திச் சட்டையோடு காற்றில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 15 டிகிரி போதும். மூவரின் ஈர உடையைக் கழற்றி உலர்ந்த துணி போட்டு, பிளாஸ்டிக் விரிப்பால் சுற்றி, தம்பியை நடுவில் வைத்து, பிளாஸ்கில் கொண்டுபோன சூடான மைலோவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

இரவே தூக்கி வருவதா, விடியட்டுமா என்பதில் கீழே பெரிய சச்சரவு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளையக் கண்டுபுடிச்சாச்சுல்ல, அப்புறம் ஏன் காட்டுலயே வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். (நான் 12 மணிக்குக் கீழே இறங்கிவிட்டேன்.) கணுக்கால் உடைந்திருக்கலாம், தூக்குப் படுக்கையை அந்தச் சரிவில் இருட்டில் ஏற்றினால் தூக்குகிறவர்களும் விழுவார்கள், அவர்களிடம் இப்போது சூடும் வெளிச்சமும் துணையும் இருக்கிறது என்று அதிகாரி பொறுமையாக மூன்று முறை சொன்னார். நான் அவர் பக்கம்தான். ஆனால் அந்த அம்மாவிடம் வாக்கிடாக்கியில் மகளை ஒரு நிமிடம் பேச வைத்திருந்தால் அவருக்கு அந்த ஐந்து மணி நேரம் இவ்வளவு கொடுமையாக இருந்திருக்காது. அது யாருக்கும் தோன்றவில்லை. 3 மணிக்கு அக்காதான் கேட்டார், உடனே ஏற்பாடு செய்தார்கள்.

காலை 7:15க்கு வெளிச்சம் வந்ததும் கிளம்பி, 10:40க்கு மார்டி பக்கம் வந்து சேர்ந்தார்கள். கடையில் வடை வாங்கிச் சரியாக இருபத்து நான்கு மணி நேரம்.

பிறகு

தம்பிக்குக் கணுக்காலில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு, மருத்துவமனையில் இரண்டு நாள். மற்ற இருவருக்கும் அட்டைக்கடியும் முள் கீறலும்தான். அபராதம் என்று யாரும் கேட்கவில்லை, பேப்பரிலும் வரவில்லை. அப்பா எந்தப் பயத்தால் போன் செய்ய விடவில்லையோ அது எதுவும் நடக்கவில்லை.

மாமாதான் மனதளவில் உடைந்துபோனார். சில வாரம் கழித்து என்னிடம் போனில் பேசினார். தடம் மெலிந்த இடத்தில் பிள்ளை திரும்பலாம் என்று சொன்னாள், நான்தான் கேட்கவில்லை என்றார். அங்கே திரும்பாதது தவறுதான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் மரத்தை வெட்டாமல் விட்டது நாங்கள், அதையும் அவருக்குச் சொன்னேன். அவருக்கு அது அதுவரை தெரியாது.

மாற்றியவையும் மாறாதவையும்

அடுத்த ஞாயிறே மரத்தை வெட்டினோம். வனத்துறை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, உச்சியில் மூன்று பாதைகளின் வாயிலும் எண்ணோடு நாடா கட்டியிருக்கிறோம். இறங்குகிறவர் கண்ணுக்குத் தெரியும் பக்கமாக. இதற்கு முன் எல்லா அடையாளமும் ஏறுகிறவருக்காகவே இருந்தது. பிரம்புத் தடத்தை மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். செமாய் மக்கள் புழங்கும் வழியை நாம் எப்படி மூடுவது? அதன் வாயில் "இது ஊருக்குப் போகும் வழி அல்ல" என்று மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்தோம்.

கடையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எத்தனை பேர், எந்தப் பாதை, கிளம்பிய நேரம், திரும்பும் நேரம், கீழே இருக்கும் ஒருவரின் போன் எண். திரும்பி வந்தால் அக்கா கோடு போட்டு அடிப்பார். சொன்ன நேரத்துக்கு மேல் ஒரு மணி நேரம் ஆனால் அந்த எண்ணுக்குப் போன், அதற்கு மேல் அரை மணி ஆனால் 999. குடும்பத்தைக் கேட்டு முடிவு செய்வது கிடையாது. இதை எழுதி ஒட்டியே வைத்திருக்கிறோம், அன்றைக்கு என்னைப் போல் யாரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பதற்காக. பதினொரு மணிக்கு மேல் 8இல் ஏற வருகிறவர்களை ராபின்சன் நீர்வீழ்ச்சியோடு திரும்பிவிடுங்கள் என்று அக்கா சொல்கிறார். சிலர் கேட்கிறார்கள், சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

எங்கள் ஆட்கள் யாரும் தேடுவதற்குத் தனியாகக் காட்டுக்குள் நுழைவதில்லை. போம்பா வரும் வரை எங்கள் வேலை, பாதைகளின் வாயில் வெளிச்சத்தோடு நிற்பதும் கடைசியாக வந்த படத்தையும் செய்தியையும் ஒழுங்காகப் பார்ப்பதும்தான். கடைசிப் படத்தைத் தாத்தாவிடமோ அவரைப் போல் தடம் தெரிந்த ஒருவரிடமோ முதல் பத்து நிமிடத்தில் காட்ட வேண்டும் என்பது இப்போது எங்களுக்குள் சட்டம். அவர் சொல்லச் சொல்ல இரண்டு பிள்ளைகள் பழைய தடங்களை வரைபடத்தில் குறித்துக்கொண்டு வருகிறார்கள். பதினான்கு தடம் இதுவரை, அதில் ஐந்து இன்றைக்குக் காட்டில் கண்ணுக்கே தெரியவில்லை.

மலை ஏற வருகிறவர்களிடம் நாங்கள் சொல்வது கொஞ்சம்தான். விசிலும் டார்ச்சும் ஓர் உலர்ந்த மேல்சட்டையும் பையில் வேண்டும், பகல் நடைக்கும். போனில் வரைபடத்தைக் கீழேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், அலைவரிசை இல்லாவிட்டாலும் நீங்கள் நிற்கும் இடத்தை அது காட்டும். உச்சிக்கு வந்ததும் நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுங்கள். தடம் மெலிந்தால் திரும்புங்கள், திரும்ப முடியாவிட்டால் அங்கேயே நில்லுங்கள். ஓடையைப் பிடித்து இறங்காதீர்கள்.

3ஆம் பாதைப் பக்கம் இன்னும் நோட்டுப் புத்தகம் இல்லை. அங்கே காலை முதல் இருட்டும் வரை திறந்திருக்கும் கடை கிடையாது, யாராவது பொறுப்பெடுக்க வேண்டும். கோல்ஃப் மைதானத்துக்கு அருகில் பழக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் பேசிக்கொண்டிருக்கிறோம். சனி ஞாயிறு மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார்.